சுகர்னா... எந்த சுகர்?

“ஐயையோ... அவங்களுக்குப் போய் சீனியைக் கரைச்சுக் கொடுக்கறீங்களே! அவங்களுக்கு சுகர் இருக்கு!”

மதுரையில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் முடிந்து, எல்லோரும் பந்திக்கு எழுந்த நேரத்தில் கேட்ட அலறல் இது. நாற்காலியில் சரிந்து கிடந்தவர் என் பெரியம்மா. வயது அறுபத்திரண்டு. பட்டுப்புடவை நனைகிற அளவுக்கு வியர்வை. கை வெடவெடவென்று நடுங்குகிறது. “என்ன பெரியம்மா பண்ணுது?” என்று கேட்டால், சம்பந்தமே இல்லாமல் எதையோ உளறுகிறார்.

விசிறியால் வீசினார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். “கூட்டம் கூடாதீங்க, காத்து வரட்டும்” என்று ஒருவர் அதட்டினார். மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, நர்ஸிங் படிப்பவள், ஓடி வந்து கையைப் பிடித்துப் பார்த்தாள். “காலைல மாத்திரை போட்டாங்களா? சாப்பிட்டாங்களா?” என்று கேட்டாள். மாத்திரை போட்டாச்சு. சாப்பாடு? ‘தாலி கட்டி முடியட்டும், அப்புறம் சாப்பிட்டுக்கலாம்’ என்று பெரியம்மா காத்திருந்திருக்கிறார்.

“சுகர் இறங்கிடுச்சு. உடனே சீனித் தண்ணி கொண்டாங்க!”

அவ்வளவுதான். அதற்குத்தான் அந்த அலறல். ‘சுகர் உள்ளவளுக்குச் சீனியா?’ என்று சொந்தக்காரர்கள் டம்ளரைத் தட்டிவிடாத குறை. அந்தப் பெண் யாரையும் லட்சியம் செய்யாமல், பெரியம்மாவைத் தாங்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். கால் மணி நேரத்தில் பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, “ஏன்டி எல்லாரும் என்னையே பார்க்கறீங்க?” என்று கேட்டார்!

அன்று அந்த மண்டபத்தில் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோருக்கும் பெரியம்மா மேல் பாசம்தான். ஆனால் ஒரே வார்த்தை, இரண்டு அர்த்தத்தில் அங்கே மோதிக்கொண்டது. டம்ளரில் இருந்ததும் சுகர். ரத்தத்தில் குறைந்து போனதும் சுகர். பெரியம்மாவுக்குப் பத்து வருஷமாக இருக்கிற நோயும் சுகர். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்படி என்னதான் இருக்கிறது இந்த வார்த்தையில்? கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போமா?

பொடிக்கல்லில் பிறந்த பெயர்

‘சுகர்’ என்பது ஏதோ வெள்ளைக்காரன் கொண்டுவந்த சொல் என்று நினைத்திருப்போம். இல்லை. அது நம் நாட்டில் பிறந்து, உலகம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்த சொல்.

சமஸ்கிருதத்தில் ‘சர்க்கரா’ என்றால் முதலில் பொடிக்கல், சரளை என்றுதான் பொருள். கரும்புச் சாற்றைக் காய்ச்சி உறைய வைத்தபோது மணல் மணலாக, கல் கல்லாக வந்ததல்லவா? அதைப் பார்த்து அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். சிறுநீரில் பொடிக்கல் போவதற்கும் பழைய ஆயுர்வேத நூல்களில் இதே சொல்தான்! ஆக, இனிப்புக்கும் இந்தச் சொல்லின் பிறப்புக்கும் சம்பந்தமே இல்லை.

இந்தச் சொல் பாரசீகத்துக்குப் போய் ‘ஷக்கர்’ ஆனது. அரபியில் ‘சுக்கர்’. அரபு வணிகர்கள் வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்து, இத்தாலியில் ‘ஸுக்கெரோ’, பிரெஞ்சில் ‘சுக்ர்’, கடைசியில் ஆங்கிலத்தில் ‘சுகர்’. கிரேக்கத்துக்குப் போன கிளை ‘சாக்கரோன்’ ஆனது. 1879-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கண்டுபிடித்த செயற்கை இனிப்புக்கு ‘சாக்கரின்’ என்று பெயர் வந்தது அந்தக் கிளையிலிருந்துதான்.

இன்னொரு வேடிக்கை. வெல்லத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஜாகரி’ என்கிறார்களே, அதுவும் இதே குடும்பம்தான். மலையாளத்துச் ‘சக்கர’யைப் போர்ச்சுகீசியர்கள் தங்கள் வாயில் போட்டு மென்று துப்பியதுதான் ஜாகரி! சுகரும் ஜாகரியும் ஒரு தாய் மக்கள். ‘சுகர் ஆகாது, ஜாகரி நல்லது’ என்று வாதாடுகிறவர்கள் இதை ஒருதரம் நினைத்துப் பார்க்கலாம்.

‘கேண்டி’ என்கிற மிட்டாயும் நம் ஊர்ச் சரக்குதான். ‘கண்டம்’ என்றால் துண்டு. நம் கற்கண்டில் இருக்கிற ‘கண்டு’ம் அதுவே.

ஐரோப்பாவில் நுழைந்த புதிதில் சர்க்கரை மளிகைச் சாமான் அல்ல. மருந்துக் கடையில், மருந்தாகத்தான் விற்றார்கள். கரும்புக்குத் தாவரவியல் வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள், ‘சாக்கரம் அஃபிசினாரம்’. மருந்துக் கடைக்குரிய சர்க்கரை என்று அர்த்தம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முடிவில் தேவைப்படும்.

சீனி, அஸ்கா, சர்க்கரைப் பொங்கல்

நம் ஊருக்கு வருவோம். மதுரை, திருநெல்வேலிப் பக்கம் மளிகைக் கடையில் ‘அரைக் கிலோ சீனி’ என்பார்கள். இலங்கைத் தமிழர்களும் சீனி என்றுதான் சொல்வார்கள். சீனா என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்த சொல் அது. சென்னைப் பக்கம் போனால் ‘சக்கரை’. இன்னும் சில ஊர்களில் பெரியவர்கள் ‘அஸ்கா’ என்பார்கள். அஸ்கா என்பது ஓர் ஊர்! ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் இருக்கிறது. 1936 வரை அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பகுதி. அங்கே சர்க்கரை ஆலை இருந்தது. ஊர்ப் பெயரே சரக்கின் பெயராகி நம் அடுக்களைக்குள் வந்துவிட்டது.

சரி, சர்க்கரைப் பொங்கலில் என்ன போடுகிறோம்? வெல்லம்! பிறகு ஏன் அதற்குச் சர்க்கரைப் பொங்கல் என்று பெயர்? வெள்ளை வெளேரென்ற ஆலைச் சர்க்கரை வருவதற்கு முன்னால், ‘சர்க்கரை’ என்றாலே கரும்புச் சாற்றைக் காய்ச்சி எடுத்த வெல்லமும் பழுப்புப் பொடியும்தான். வெள்ளைக்காரன் காலத்து வெள்ளைச் சரக்கு வந்து பெயரைத் தட்டிப் பறித்துக்கொண்டது. பழையதற்கு ‘நாட்டுச் சர்க்கரை’ என்று அடைமொழி கொடுத்துத் தள்ளி வைத்துவிட்டோம்.

நல்ல சேதி சொன்னால் ‘உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்’ என்கிறோம். குழந்தையைக் கொஞ்சும்போது ‘என் சர்க்கரைக் கட்டி’ என்கிறோம். ‘ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை’ என்று பழமொழி வேறு. இவ்வளவு செல்லமாக இருந்த சொல்தான் இன்று ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வந்து பயமுறுத்துகிறது.

நோய்க்கு வந்த பெயர்

நம் முன்னோர்கள் இந்த நோயைச் சர்க்கரை நோய் என்று சொல்லவில்லை. ‘நீரிழிவு’ என்றார்கள். அடிக்கடி நீர் பிரிந்து உடம்பு இளைப்பதைப் பார்த்து வைத்த பெயர். ‘மதுமேகம்’ என்றார்கள். மது என்றால் தேன். சிறுநீர் தேன் போல இருக்கிறது, எறும்பு மொய்க்கிறது என்று கண்டு வைத்த பெயர். யாழ்ப்பாணத்தில் ‘சலரோகம்’. கிரேக்கர்கள் வைத்த ‘டயாபடீஸ்’ என்ற பெயருக்கும், குழாய் வழியே ஓடுவதுபோல நீர் உடம்பைக் கடந்து போய்விடுவது என்றுதான் பொருள். பின்னால் சேர்த்த ‘மெல்லிடஸ்’ என்பதற்கு, தேன் போன்ற இனிப்பு என்று அர்த்தம்.

1776-ல் மாத்யூ டாப்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர், நோயாளியின் சிறுநீரைச் சுண்டக் காய்ச்சி, மிஞ்சியது சர்க்கரையே என்று காட்டினார். ரத்தத்திலும் அந்த இனிப்பு இருப்பதைக் கவனித்தார். அதன் பிறகு எல்லோருடைய பார்வையும் சர்க்கரை மேல் திரும்பியது.

இங்கேதான் வார்த்தை நம்மை ஏமாற்றுகிறது. ‘சர்க்கரை நோய்’ என்றதும், அடுக்களையில் இருக்கிற சர்க்கரை டப்பாதான் குற்றவாளி என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் கோளாறு இன்சுலினில். ஒன்று, கணையம் போதிய இன்சுலின் சுரப்பதில்லை. அல்லது, சுரக்கிற இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. பரம்பரை, அதிக எடை, தொப்பை, உடலுழைப்பு இல்லாமை எல்லாம் இதில் சேர்ந்திருக்கின்றன. இனிப்பான குளிர்பானங்களையும் பலகாரங்களையும் அளவில்லாமல் சாப்பிட்டு எடை ஏறினால், அதுவும் நோய்க்குக் கதவைத் திறந்துவிடும். ஆனால் இனிப்பு ஒன்று மட்டுமே காரணம் இல்லை.

இது ஏன் முக்கியம் தெரியுமா? எட்டு வயதுக் குழந்தைக்கு முதல் வகை நீரிழிவு வந்தால், “நீ மிட்டாய் வாங்கிக் கொடுத்தே கெடுத்துட்டே” என்று தாயைக் குற்றம் சொல்கிற வீடுகள் உண்டு. முதல் வகை, மிட்டாயால் வருவதில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தவறிப்போய், இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கி அழிப்பதால் வருகிறது. ஒரு பெயர், ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுகிறது பாருங்கள்!

ரத்தத்தில் ஒரே ஒரு ஸ்பூன்

ரத்தத்தில் இருக்கும் ‘சுகர்’ கடையில் வாங்குகிற சீனி அல்ல. அது குளுக்கோஸ். கடைச் சீனியின் பெயர் சுக்ரோஸ். குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கைகோத்துக்கொண்டு நிற்பதுதான் சுக்ரோஸ். நாம் சாப்பிட்டதும் குடலில் அது இரண்டாகப் பிரிகிறது.

ஒரு சின்னக் கணக்கு. பெரியவர் ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். வெறும் வயிற்றில் சுகர் 100 மில்லிகிராம் என்று ரிப்போர்ட் வந்தால், அது ஒவ்வொரு 100 மில்லி ரத்தத்திலும் இருக்கிற அளவு. 5 லிட்டருக்கும் பெருக்கினால்? வெறும் 5 கிராம். ஒரு டீஸ்பூன்! அந்த ஒரு ஸ்பூனை ஏறாமலும் இறங்காமலும் காப்பாற்றத்தான் கணையமும் கல்லீரலும் ராப்பகலாகப் பாடுபடுகின்றன.

வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் சரி. 100 முதல் 125 வரை எச்சரிக்கைக் கட்டம். 126-ம் அதற்கு மேலும் என்றால் நீரிழிவு, ஆனால் மறுபடி ஒருமுறை சோதித்து உறுதி செய்ய வேண்டும். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்குப்படி, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர். எச்சரிக்கைக் கட்டத்தில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடி.

நாம் சொல்கிற நாலு வாக்கியங்கள்

இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாம் தினமும் சொல்கிற நாலு வாக்கியங்களைப் பார்ப்போம்.

“நான் சர்க்கரையையே தொடறதில்லை. அப்புறம் எப்படி சுகர் ஏறுது?”

காப்பியில் போடவில்லை, சரி. எட்டு இட்லி? மலை போலக் குவித்த சோறு? அரிசியிலும் கோதுமையிலும் இருக்கிற மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகத்தான் மாறுகிறது. ரத்தத்துக்கு அது இனிப்பிலிருந்து வந்ததா, இட்லியிலிருந்து வந்ததா என்று தெரியாது. கேழ்வரகுக் களியும் சப்பாத்தியும்கூட அளவோடுதான்.

“நாட்டுச் சர்க்கரைதானே... தேன்தானே... கருப்பட்டிதானே...”

பெயர் மாறினாலும் வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். தேனில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் பிரிந்தே இருக்கின்றன. தாதுச் சத்துகள் கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை. ஆனால் சுகரை ஏற்றுவதில் இவையெல்லாம் பங்காளிகள்தான். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அளவுக் கணக்கில், நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையோடு தேனையும் பழச்சாற்றையும் சேர்த்தே எண்ணுகிறது. ஒரு நாளைக்கு 25 கிராம், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. இது ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குச் சொன்ன அளவு. நீரிழிவு உள்ளவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

“இது சுகர் ஃப்ரீ பிஸ்கட். எத்தனை வேணும்னாலும் சாப்பிடலாம்!”

நம் நாட்டு விதிப்படி, 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாவிட்டால் அப்படி அச்சடிக்கலாம். ஆனால் பிஸ்கட்டில் மைதா இருக்கிறதே! அது குளுக்கோஸாகாமல் எங்கே போகும்? அட்டையைத் திருப்பிப் படியுங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ் என்றெல்லாம் போட்டிருந்தால், மாறுவேஷத்தில் வந்திருக்கிற அதே கும்பல்தான்.

“எனக்கு இப்ப சுகர் இல்லீங்க. நார்மலுக்கு வந்துடுச்சு. மாத்திரையை நிறுத்திட்டேன்.”

நாலிலும் ஆபத்தான வாக்கியம் இதுதான். நார்மலுக்கு வந்தது ரத்தத்தின் குளுக்கோஸ் அளவு. நோய் அங்கேயேதான் இருக்கிறது. மாத்திரை பிடித்து நிறுத்தியதால்தான் அந்த அளவு இறங்கியது. குடை பிடித்தபடி மழையில் போகிறவர், ‘நனையவே இல்லையே’ என்று குடையைத் தூக்கிப் போடுவாரா? உணவையும் எடையையும் கட்டுப்படுத்தி மாத்திரையைக் குறைத்தவர்கள் உண்டு. அது டாக்டர் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. அன்றன்றைய அளவை மட்டும் நம்பாமல், மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ‘எச்.பி.ஏ.1.சி.’ பரிசோதனையையும் செய்து பாருங்கள்.

சுகர் இறங்கினால்...

இப்போது கல்யாண மண்டபத்துக்குத் திரும்புவோம். பெரியம்மாவுக்கு என்ன ஆனது?

சில மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். இன்சுலின் ஊசியும் நேரடியாக வேலை செய்யும். அவை வேலையைத் தொடங்கிவிட்ட பிறகு சாப்பாடு வராவிட்டால்? இருக்கிற அந்த ஒரு ஸ்பூனும் கரையத் தொடங்கும். 70-க்குக் கீழே போனால் ஆபத்தின் வாசல். மூளைக்கு முக்கியமான எரிபொருள் குளுக்கோஸ்தான். அது குறைந்ததும் வியர்வை, நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி, எரிச்சல், உளறல். கவனிக்காமல் விட்டால் வலிப்பு, மயக்கம், உயிருக்கே ஆபத்து.

என்ன செய்ய வேண்டும்?

நினைவு இருந்து, விழுங்க முடிந்தால், உடனே 15 கிராம் குளுக்கோஸ். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து கொடுக்கலாம். இல்லாவிட்டால் மூன்று டீஸ்பூன் சீனி. 15 நிமிஷம் கழித்து மறுபடி சுகர் அளவைப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்த பிறகு இட்லியோ சோறோ சாப்பிடச் சொல்லுங்கள். மாத்திரையின் வேகம் இன்னும் இருக்கும் என்பதால் மறுபடி இறங்கலாம். அன்றே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது! மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

இந்த இடத்திலும் பெயர்க் குழப்பம் விளையாடும். ‘சுகர்காரங்களுக்கு இதுதான் நல்லது’ என்று டயட் குளிர்பானத்தையோ, செயற்கை இனிப்பு மாத்திரை போட்ட காப்பியையோ கொடுத்தால் பிரயோஜனமே இல்லை. நாக்குக்குத்தான் இனிக்கும், ரத்தத்தில் ஒன்றும் ஏறாது. சாக்லெட்டும் ஐஸ்கிரீமும் கொழுப்பு கலந்தவை என்பதால் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

இன்னொன்று. வாக்லிபோஸ், அகார்போஸ் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு சுகர் இறங்கினால், சீனித் தண்ணீர் சட்டென்று உதவாது. சுக்ரோஸைக் குடலில் பிரிக்கிற வேலையையே அந்த மாத்திரைகள் தாமதப்படுத்துகின்றன. அவர்களுக்கு குளுக்கோஸ் பவுடரேதான் வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று இன்றைக்கே சீட்டை எடுத்துப் பாருங்கள். ‘சுகர் மாத்திரை’ என்று மட்டும் தெரிந்தால் போதாது.

பெரியம்மா இப்போதும் கல்யாணங்களுக்குப் போகிறார். முகூர்த்தம் எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று முதலிலேயே விசாரித்துக்கொள்கிறார். கைப்பையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. அதில் குளுக்கோஸ் பவுடர். போன மாதம் ஒரு வளைகாப்பில் அந்த டப்பாவை எடுத்துப் பார்த்தேன். மூடி மேல் ஒரு சீட்டு ஒட்டி, கோணல் மாணலான கையெழுத்தில் எழுதியிருந்தார்:

‘இது இனிப்பு இல்லை. என் மருந்து. நான் உளறினால் கரைத்துக் கொடுக்கவும்.’

“ஏன் பெரியம்மா, வெறுமனே குளுக்கோஸ்னு எழுதினா போதாதா?” என்றேன்.

“போதாதுடா. அப்படி எழுதினா, ‘சுகர்காரிக்கு எதுக்கு குளுக்கோஸு’ன்னு பிடுங்கி வெச்சுடுவாங்க உங்க ஆளுங்க!” என்று சிரித்தார்.